டாக்டரின் கடிகாரத்தில் இருந்த பெயர்

அன்பு மச்சானுக்கு, தங்கள் அக்காவின் கணவனாகிய நான், யாரிடமும் சொல்லி எழுத வைக்காமல் என் சொந்தக் கையால் எழுதும் கடிதம். இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே தாங்களும், தங்கள் மனைவியும், பிள்ளைகளும், தங்களுடைய அந்த முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் இந்த எழுத்துக்காகத் தாங்கள் என்னை மன்னிக்க வேண்டும். சில எழுத்து பெரிதாக இருக்கும், சில எழுத்து கூச்சப்பட்டுச் சுருங்கியிருக்கும். வரி இடது பக்கம் ஒழுங்காகத்தான் புறப்படுகிறது, வலது பக்கம் போகப் போகச் சரிந்துவிடுகிறது. ஆயுள் முழுக்கக் கொத்தனாராக நூல் பிடித்து, தூக்குக் குண்டு விட்டு, ஒரு சுவரும் சாயாமல் கட்டியவன் நான். ஒரு வரியை நேராக நிறுத்த முடியவில்லை. செங்கல் வைத்த இடத்தில் உட்காரும். இந்த 'ஞ' இருக்கிறதே, அது உட்கார மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறது. இன்னொரு விஷயம். 'தாங்கள்' என்று எழுத ஒவ்வொரு முறையும் நான்கு எழுத்து செலவாகிறது, விரல் வலிக்கிறது. 'நீ' என்றால் ஒரே எழுத்தில் வேலை முடிந்தது. எப்படியும் நீ என்னைவிட இளையவன். மரியாதை மனதில் பத்திரமாக இருக்கிறது. இனிமேல் நீ என்றே எழுதுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ தொலைபேசியில் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "அத்தான், அக்காவ உங்களால பாத்துக்க முடியலன்னா வாய விட்டுச் சொல்லிடுங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன். இங்க பெரிய டாக்டர் இருக்காரு." நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. விஷயம் இதுதான்: நீ வர வேண்டாம். பயணச் சீட்டு எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. உன் அக்காவுக்குத் தலைசுற்றல் அடியோடு நின்றுவிட்டது. நிறுத்தியது யார் என்று கேட்டால், அடக்கத்தோடு சொல்கிறேன், நான்தான். நான் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. வாசித்தேன், அவ்வளவுதான்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உன் அக்காவுக்கு ரத்த அழுத்தம் உண்டு, உனக்குத் தெரியும். அதற்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை வெகு காலமாக விழுங்கிக்கொண்டு, வீட்டு வேலையும் செய்துகொண்டு, என்னைத் திட்டிக்கொண்டும் நன்றாகத்தான் இருந்தாள். திடீரென்று ஒரு நாள் எங்கள் டாக்டர், "இனிமே அது வேணாம்மா, புதுசா ஒண்ணு வந்திருக்கு, ரொம்ப நல்லது" என்று ஒரு ரோஸ் நிற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். டாக்டர் தங்கமான மனிதர். நம் கண்ணைப் பார்த்துப் பேசுவார், நாம் சொல்லி முடிக்கும் வரை அடுத்த ஆளைக் கூப்பிட மாட்டார். அவர் சொன்னால் சரி என்று மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் விலையைச் சொன்னதும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், உள்ளே தங்கம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று. வாங்கி வந்து உன் அக்கா கையில் கொடுத்தேன். அதிலிருந்து பிடித்தது வினை. காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது, குனிந்தால் சுற்றுகிறது, சமையலறையிலிருந்து குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறாள். நான் கட்டிய சுவர் என்பதால் தாங்கியது. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது ஒரு நாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதைத்தான் பக்கத்து வீட்டு அம்மாள் உனக்கு 'விழுந்துட்டாங்க' என்று சொல்லியிருக்கிறார்.

சரி, டாக்டரிடம் போவோம் என்று கிளம்பினோம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நூலகத்து மாடியில் எங்களுக்கு மாலை வகுப்பு எடுக்கும் டீச்சர் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். வெளியில் எந்த எழுத்தைப் பார்த்தாலும் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். மனதுக்குள் வாசித்தால் தப்பு வெளியே தெரியாதாம். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். பேருந்தில் 'படிக்கட்டில் நிற்காதீர்' என்று வாசித்தேன், படிக்கட்டில் நின்ற ஒருவன் என்னை முறைத்துவிட்டு உள்ளே போனான். "உங்களோட வெளிய வந்தா மானம் போகுது" என்றாள் உன் அக்கா. தலைசுற்றலோடும் அவளுக்கு அதைச் சொல்லத் தெம்பு இருந்தது.

டாக்டர் வீட்டு முன்கூடத்தில் நல்ல கூட்டம். மாட்டியிருந்த கடிகாரத்தை முதலில் வாசித்தேன். எழுத்துக் கூட்டி, மூச்சு வாங்கி, 'ஹார்ஜோஷின்' என்று படித்துவிட்டேன். மச்சான், அதில் ஹ, ஜ, ஷ மூன்றும் இருக்கிறது! வகுப்பில் கடைசியாகச் சொல்லிக்கொடுத்த எழுத்துகள். மூன்றையும் ஒரே வார்த்தையில் வைத்தவன் மகராசனாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் நாட்காட்டியைப் பார்த்தால் அதிலும் ஹார்ஜோஷின். எடை பார்க்கும் இயந்திரத்தில், குப்பைக் கூடையில், பெயர் எழுதிக்கொள்ளும் மேஜைப் பெண்ணின் தண்ணீர்க் குவளையில், எங்கே திரும்பினாலும் அதே பெயர். கணுக்காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் சிரித்தார். "பெரியவரே, அந்தக் கதவுக்குப் பின்னாடி ஒரு குடை மாட்டியிருக்கு, அதையும் படிச்சிடுங்க." போய்ப் படித்தேன். அதே பெயர்தான்.

என் பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை, மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "நல்லா வாசிக்கிறீங்க ஐயா. இன்னும் எங்கெல்லாம் இருக்கு, பாருங்க" என்றார். எனக்கு ஒரே குஷி. யாரோ பள்ளிக்கூடத்து டீச்சர் என்று நினைத்தேன். முன்கூடம் முழுக்கச் சுற்றினேன். சுவரில் ஒரு பெரிய புகைப்படம் மாட்டியிருந்தது. கடற்கரையில் டாக்டர், அவர் மனைவி, பிள்ளைகள், இன்னும் பல டாக்டர்கள், எல்லோரும் கால்சட்டையோடு நிற்கிறார்கள். டாக்டர் இடுப்பில் ஒரு ரப்பர் வளையம். தலையில் தொப்பி. "அம்மா, தொப்பியிலயும் இருக்கு! வளையத்திலயும் இருக்கு!" என்று கத்தினேன். "ரொம்ப நன்றிங்க" என்றார் அந்த அம்மாள். வாசித்ததற்கு நன்றி சொன்ன முதல் ஆள் அவர்தான்.

எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. எங்கள் தொழிலில் ஒருவன் கரணையில், ரசமட்டத்தில், மட்டக்கோலில் எல்லாம் ஒரே அடையாளம் போட்டிருந்தால், அது அவனுடைய அடையாளம். அடுத்தவன் எடுத்துப் போகாமல் இருக்கப் போடுவது. படிக்கத் தெரிந்தவன் பெயரைக் கீறுவான், நான் குறுக்குக் கோடு கீறினேன். ஆக, இத்தனை சாமானிலும் இருப்பது வீட்டுக்காரர் பெயர்தான். இத்தனை காலம் 'டாக்டர், டாக்டர்' என்று கூப்பிட்டுவிட்டுப் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. எங்கள் முறை வந்தது. உள்ளே போய், கையைக் கூப்பி, நல்ல கணீர்க் குரலில், "வணக்கம் ஹார்ஜோஷின் ஐயா!" என்றேன்.

டாக்டர் விழித்தார். உன் அக்கா முழங்கையால் என் விலாவில் ஒன்று வைத்தாள்.

"அது என் பேர் இல்ல பெரியவரே" என்றார் டாக்டர். "அது உங்க வீட்டம்மா சாப்பிடுற மாத்திரை."

சொன்ன பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கே கேட்டது போலிருக்கிறது. முகம் சிவந்துவிட்டது. எனக்கு அப்போதும் புரியவில்லை. "மாத்திரைக்கு எதுக்குங்க கடிகாரம்?" என்று கேட்டேன். குசும்பு இல்லை, சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டேன். பின்னால் கதவு திறந்தது. அந்தத் துணிப்பை அம்மாள் உள்ளே வந்து, பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். விடுவேனா, அதையும் வாசித்தேன். 'மருத்துவர் மன்றம், மேற்பார்வை அதிகாரி.' இந்த டாக்டர் ஊரில் எல்லோருக்கும் விலை கூடின மாத்திரையாகவே எழுதுகிறார் என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். நோயாளி போல வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார் அந்த அம்மாள். மிச்ச வேலையை நான் செய்து கொடுத்திருக்கிறேன்.

"மேடம், அது நல்ல மருந்து" என்றார் டாக்டர். "நம்பித்தான் எழுதறேன். போயும் போயும் ஒரு கடிகாரத்துக்காகவா நான் மருந்து எழுதுவேன்? அது என்ன பெறும்?"

"கடிகாரம் ஒண்ணும் பெறாது. மாத்திரைக் கம்பெனி செலவுல குடும்பத்தோட பார்த்த கடல்?" என்றார் அதிகாரி.

டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"நீங்க கெட்டவர்னு நான் சொல்லல, டாக்டர். அந்த நம்பிக்கை கடலுக்குப் போறதுக்கு முன்னாடியே இருந்ததா, போய்ட்டு வந்தப்புறம் வந்ததா? உங்களால சொல்ல முடியுமா?"

டாக்டர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், மச்சான். "தெரியல மேடம்" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. நடுவில் புகுந்து, "எனக்குப் புரியுதும்மா. எங்களுக்கும் சிமெண்ட் கம்பெனிக்காரன் பனியன் கொடுப்பான். அதைப் போட்டுக்கிட்டு நின்னா, வீட்டுக்காரர் எந்த சிமெண்ட் நல்லதுன்னு கேட்டா, நாக்கு தானா பனியன்ல இருக்கிற பேரைத்தான் சொல்லும். பனியன் பேசுதா நான் பேசுறேனான்னு எனக்கே தெரியாது" என்றேன். "அந்தப் பனியன் இப்ப எங்க வீட்டுல தரை துடைக்குது" என்றாள் உன் அக்கா. அன்றைக்கு அந்த அறையில் அவள் பேசியது அந்த ஒரு வரிதான். அதையும் யாரும் கேட்கவில்லை.

அதிகாரி அவள் பக்கம் திரும்பி, "இந்த மாத்திரை உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். உன் அக்கா என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், முந்தானையைத் திருகினாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து நானே பதில் சொன்னேன். "அதை விழுங்க ஆரம்பிச்ச நாள்லேந்து தலை சுத்தல்தாங்க. சுவரைப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறா." டாக்டர் உடனே அவள் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். பார்த்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார். "ஏறிக் கிடக்கே! இந்த மாத்திரை சாப்பிட்டுமா இவ்வளவு?" அதிகாரி மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினார். "ஆக, வேலையும் செய்யல, தலையும் சுத்துது" என்றார். அதை எல்லாம் தட்டச்சு செய்துகொண்டு வந்து என் முன்னால் வைத்து, கூடவே மை டப்பாவையும் நகர்த்தினார்கள்.

மச்சான், இந்த இடத்தை நீ இரண்டு முறை படிக்க வேண்டும். மை டப்பாவை நான் தள்ளிவிட்டேன். கட்டைவிரலைக் கறுப்பாக்கி, பிறகு சட்டையில் துடைத்து, வீட்டில் உன் அக்காவிடம் வசவு வாங்கிய காலம் முடிந்தது. "பேனா கொடுங்க" என்றேன். 'ஹார்ஜோஷின் மாத்திரையை உட்கொண்டதால் என் மனைவிக்குத் தலைசுற்றல் ஏற்பட்டது' என்று இருந்ததை முழுக்கச் சத்தமாக வாசித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன். என் ஆயுளில் முதல் கையெழுத்து. முன்கூடத்தில் கணுக்கால்காரர் கைதட்டினார். கொஞ்சம் கோணல்தான், ஆனால் நான்தான் அது.

"பரிசு வாங்கினதுக்கு மட்டும்னா கண்டிச்சு விட்டுடுவாங்க ஐயா" என்று வெளியே வரும்போது அதிகாரி என்னிடம் சொன்னார். "நோயாளிக்குக் கெடுதல் ஆயிருக்கே, அதான் பெரிசு. இன்னும் மூணு வாரத்துல விசாரணை. கொஞ்ச காலம் அவர் யாருக்கும் மருந்து எழுத முடியாமப் போகலாம். உங்க கையெழுத்து அதுக்கு ரொம்ப முக்கியம்." என் கையெழுத்து முக்கியம்! அன்றைக்கு வீடு வரும் வழியில் பேருந்தில் எதையும் வாசிக்கவில்லை. வாய் வரை மகிழ்ச்சி நிரம்பியிருந்தது.

அன்றைக்கே டாக்டர் பழைய வெள்ளை மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டு வர, உன் அக்காவின் தலைசுற்றல் படிப்படியாகக் குறைந்து இப்போது இல்லவே இல்லை. நேற்று மொட்டை மாடியில் அவளே துணி உலர்த்தினாள், அங்கிருந்தபடியே கீழே இருந்த என்னைப் பற்றிப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் குறை சொன்னாள். குரலில் பழைய கம்பீரம். டாக்டர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கடிகாரம், நாட்காட்டி, கடல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். சுவரில் வட்டமும் சதுரமுமாகப் புதுச் சுண்ணாம்பு போல வெளுப்பு. நோயாளிகள் மேஜைப் பெண்ணிடம் மணி கேட்டுக் கேட்டு அவள் பாவம் நொந்து போயிருக்கிறாள். ஆணி ஓட்டைகளைப் பூசித் தருகிறேன் என்றேன். டாக்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மெலிந்துவிட்டார்.

நான் உனக்குச் சொல்வது என்னவென்றால், உன்னுடைய அந்தப் பெரிய டாக்டரிடம் அடுத்த முறை முழங்காலைக் காட்டப் போகும்போது முதலில் சுவரைப் பார். ஒரே பெயர் பல இடத்தில் இருந்தால், 'ஐயா, இந்தப் பேர் எனக்குத் தெரிஞ்ச பேரா இருக்கே' என்று மட்டும் சொல். கோபப்படாதே, குரலை உயர்த்தாதே. கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார். மேற்பார்வை அதிகாரி ஒருவர்தான், அவர் எத்தனை முன்கூடத்தில் போய் உட்கார முடியும்? நாம்தான் வாசிக்க வேண்டும். படித்தவன் நீ, இத்தனை காலம் டாக்டர் வீட்டில் உட்கார்ந்து என்னதான் பார்த்துக்கொண்டிருந்தாய்?

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, நிறைந்த படிப்போடு, குறைந்த மருந்தோடு வாழ என் ஆசிகள். உன் முழங்கால் மடங்கும்போது மடங்கி, நீளும்போது நீள வேண்டும்.

இப்படிக்கு,
தெளிந்த தலையோடு இருக்கும் உன் அக்காவின் கணவன்,
உன் அத்தான்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்கு முன்னால் டீச்சரின் சட்டப்படி சத்தமாக ஒரு முறை வாசித்தேன். உன் அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். ஹார்ஜோஷின் ஐயாவுக்குச் சிரித்தாள். பனியனுக்குச் சிரித்தாள். கையெழுத்துப் போட்ட இடம் வந்ததும் மடித்த துணியை மறுபடி பிரித்தாள்.

"ஏங்க, அந்த வரிய அடிச்சிடுங்க" என்றாள்.

"எந்த வரிய?"

"அதான், மாத்திரையால தலை சுத்திச்சுன்னு."

"சுத்துச்சே!"

"சுத்துச்சு. மாத்திரையால இல்ல. நான் அதை விழுங்கவே இல்ல."

நான் உட்கார்ந்துவிட்டேன். இந்த முறை தலை சுற்றியது எனக்கு.

"அந்த விலைக்கு ஒரு மாத்திரையா? தொண்டையில எறங்குமா? நீங்க வாங்கிட்டு வர்ற அட்டைய மறுநாளே கடையில கொடுத்துப் பணத்த வாங்கிட்டு வந்துடுவேன். கடைக்காரர் நல்ல மனுஷன், ஒண்ணும் கேக்கல. வெள்ள மாத்திரைய டாக்டரே நிறுத்திட்டார், அதையும் வாங்கல."

"பணம் எங்கடி?"

"மாசம் பூரா கம்முனு நல்ல காபியா குடிச்சீங்களே, மணமா இருக்கு, மணமா இருக்குன்னு! எங்கேந்து வந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

ஆக, மச்சான், உன் அக்காவின் ரோஸ் மாத்திரைகள் அத்தனையையும் நான்தான் காபியாகக் குடித்திருக்கிறேன். புதியதும் இல்லை, பழையதும் இல்லை. ரத்த அழுத்தம் தன் இஷ்டத்துக்கு மாடி ஏறியிருக்கிறது, அதனால்தான் தலை சுற்றியிருக்கிறது. டாக்டர் நெற்றியைச் சொறிந்தது நியாயம்தான். என் முதல் கையெழுத்து ஒரு பொய்க்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. இதை அறையிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "உங்க குரலுக்கு நடுவுல யாருக்கு எடம் கிடைச்சுது?" என்றாள்.

அந்த வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். அதை அடித்தால் அதற்கு மேலும் கீழும் உள்ளதையும் அடிக்க வேண்டும், இத்தனையையும் திரும்ப எழுத இந்த விரலுக்குச் சக்தி இல்லை. நீ மனதில் அடித்துக்கொள். கடிதத்தில் இருக்கட்டும், மன்றத்தின் காகிதத்தில் இருக்கக் கூடாது. செய்யாத கெடுதலுக்காக அந்த மனிதர் மருந்து எழுத முடியாமல் போகக் கூடாது. விசாரணை அன்றைக்கு நாங்கள் இருவரும் போகிறோம். மாத்திரை கெடுதல் செய்ததாக எழுதியது தவறு என்று என் கையால் எழுதிக் கொடுக்கப் போகிறேன். கடிகாரமும் கடலும் அப்படியே நிற்கட்டும், அவற்றை நான் கண்ணால் வாசித்தேன், வாபஸ் வாங்க மாட்டேன். அந்த மாத்திரை நல்லதா கெட்டதா என்று எனக்கு இப்போது தெரியாது. டாக்டருக்கும் தெரியாமல் போனது கடலால்தான். விழுங்க முடியாத விலைக்கு அதை இவள் தலையில் கட்டியதும் அதே கடல்தான். இதையும் சொல்வேன். பயம் ஒன்றும் இல்லை, நன்றாகப் பேசுவேன்.

அடுத்த வாரம் அங்கே நடந்ததை உனக்கு எழுதுகிறேன். ஆனால் அந்தக் கடிதத்தையும் சரி, மன்றத்துக் காகிதத்தையும் சரி, முதலில் உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டி, "சரிதானா?" என்று கேட்டு, அவள் பேசி முடித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.